எண்பத்திரண்டு நெற்றிகள்

கூட்டத்துக்கு ஆள் வரவில்லையே என்று நீங்கள் கவலைப்படுவது எனக்குத் தெரியும். நான் ஓய்வு பெற்ற பிறகும் உங்களில் சிலர் தொலைபேசியில் கூப்பிட்டு முதலில் கேட்பது அதுதான். "மேடம், பத்துப் பேர்தான் வந்தாங்க, ரிப்போர்ட்ல என்ன எழுதறது?" பத்துப் பேர் வந்தால் பத்துப் பேர் என்று எழுதுங்கள். அதில் ஆபத்து எதுவும் இல்லை. கூடம் நிரம்பி வழியும் நாளில்தான் கவனமாக இருக்க வேண்டும். அப்படி நிரம்பிய ஒரு கூடத்தைப் பற்றிச் சொல்கிறேன். நிரப்பியது நான்.

கிராம வளர்ச்சி படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள் அல்ல நான். புனேயில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் செய்திப் பிரிவில் பதினான்கு ஆண்டுகள் இருந்தேன். தலைப்புப் போடுவது, படங்களுக்கு அடியில் யார் யார் என்று இடமிருந்து வலமாகப் பெயர் எழுதுவது எல்லாம் என் வேலை. ஆட்குறைப்பில் அது போயிற்று. கிராமத்துப் பெண்களுக்குத் தொழில் கற்றுத்தரும் ஒரு பயிற்சி மையத்துக்கு நிர்வாகி தேவை என்று சர்ச்சில் ஒருவர் சொன்னார். கன்டோன்மென்ட் பக்கம் மூன்று தலைமுறையாக இருக்கும் பாளையங்கோட்டைக் குடும்பம் எங்களுடையது. மராத்தி நாக்கில் இருந்தது. அதுவே தகுதியாயிற்று.

அந்தக் கூடம் இருக்கும் ஊர், புனேயிலிருந்து கடக்வாஸ்லா அணையைத் தாண்டி, மலைச்சாலையில் இன்னும் ஒன்றரை மணி நேரம் போனால் வரும். வாடி என்று அங்கே சொல்லும் சிறு குடியிருப்புகள் மூன்று: மேல்வாடி, நடுவாடி, கீழ்வாடி. சரிவில் ஒரு தொட்டி. அதிலிருந்து தெருக்குழாய்களுக்குக் காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர். அப்போது புதுப் பம்பும் வீட்டுக்கு வீடு குழாயும் வரவிருந்தன. அதை நடத்தச் சான்றிதழ் பெற்ற ஒருவர் வேண்டும். புனேயில் எங்கள் மையத்தில் அதற்கு ஆறு வாரப் பயிற்சி. ஊருக்கு ஒரே ஓர் இடம், அதுவும் பெண்ணுக்கு. பயிற்சி முடித்தவருக்கே வேலை.

நிபந்தனை எளிமையானது. ஊர்ப் பெண்கள் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இடமும் நேரமும் தானே பதியும் செல்பேசிப் படம் ஒன்றையும் தேர்வானவர் பெயரையும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் திட்டத்தை நடத்தும் மும்பை அலுவலகத்தின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். தவறினால் இடம் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

முதல் கூட்டத்துக்கு ஏழு பேர் வந்தார்கள். இரண்டாவதற்கு ஒன்பது, அவர்களில் இருவர் அங்கன்வாடியிலிருந்து குழந்தையைக் கூட்டிப்போக வந்தவர்கள். எங்கள் களப்பணியாளர் வைஷாலி, புனே அருகே போசரியில் வளர்ந்த பெண், திரும்பி வரும்போது ஜீப்பில் சொன்னாள்.

"மேடம், இது சங்கராந்தி மாசம். வீட்டுக்கு வீடு ஹல்தி-குங்கு நடக்குது. நாமளும் ஒண்ணு வெச்சா எல்லாரும் வருவாங்க."

ஹல்தி-குங்கு என்றால் மஞ்சள் குங்குமம். நம் பக்கம் நவராத்திரிக்கு அழைத்துத் தாம்பூலம் கொடுப்பதுபோல, இங்கே சங்கராந்தியிலிருந்து ரத சப்தமி வரை பெண்கள் ஒருவரை ஒருவர் அழைத்து நெற்றியில் இட்டு, எள்ளுருண்டையும் சிறு பரிசும் கொடுப்பார்கள். அவள் சொல்லி முடிக்கும் முன்பே நான் சரி என்றேன். துளசிபாக் கடைத்தெருவில் நானே போய் பரிசுக்கு ஒரு கோணிப்பை நிறைய டீ வடிகட்டி வாங்கினேன். பேரம் பேசியதில் பெருமை வேறு.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் உட்கார இடமில்லை. பச்சை, மஞ்சள், ரோஜா நிறப் புடவைகள். எள்ளும் வெல்லமும் மணக்கும் கைகள். ஊரே காகூ, அதாவது சித்தி, என்று அழைக்கும் சேமிப்புக் குழுத் தலைவி வாசலில் நின்று வருகிறவர்களுக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டார். எனக்கும் இட்டார். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

தேர்வு நான்கு நிமிடத்தில் முடிந்தது. காகூவின் மருமகள் ஷீத்தல், பன்னிரண்டாவது படித்தவள். யாரோ பெயரைச் சொன்னார்கள், கை தட்டினார்கள். வைஷாலி படம் எடுத்தாள். அப்படி ஒரு படத்தை நான் பத்திரிகையில் இருந்தபோது பார்த்திருந்தால் முதல் பக்கத்துக்குக் கேட்டிருப்பேன்.

புதன்கிழமை காலை மையத்தில் உட்கார்ந்து அதற்குக் குறிப்பு எழுதத் தொடங்கினேன். படத்தைப் பெரிதாக்கி முகம் முகமாக நகர்த்தினேன். என்னையும் சேர்த்து எண்பத்திரண்டு பேர். எண்பத்திரண்டு நெற்றிகள். எல்லாவற்றிலும் குங்குமம்.

ஓர் ஊரில் எண்பத்திரண்டு பெண்கள் கூடினால் எல்லா நெற்றியும் ஒரே மாதிரி இருக்குமா?

அப்போதுதான் படத்தில் இல்லாத ஒருத்தி நினைவுக்கு வந்தாள். இரண்டு மாதம் முன்பு முதல் முறை போனபோது தொட்டியருகே அவளைப் பார்த்திருந்தேன். பெயர் ரக்மாபாய். ஐம்பதை நெருங்கும் வயது. தன் கையளவு நீளமான இரும்புச் சாவியால் வால்வைத் திறந்துகொண்டே எனக்குப் பாடம் நடத்தினாள். "மேல்வாடிக்குப் பதினொரு சுத்து, கீழ்வாடிக்கு நாலு. பதினொண்ணு தப்பிச்சுன்னா மேல்வாடிக்காரி வாய் பன்னிரண்டு சுத்து சுத்தும்." ஊரில் இந்த வேலை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

வைஷாலியைக் கூப்பிட்டேன். "ரக்மாபாய் ஏன் வரலை?"

"அவங்க எப்படி மேடம் வருவாங்க, ஹல்தி-குங்குவுக்கு..." என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்தி, தான் சொன்னதைத் தானே கேட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். முடிவு என்னுடையது. இது நமக்குத் தெரியாத ஊர் வழக்கம் என்று தப்பிக்கவும் முடியாது. தாம்பூலத்துக்கு யாரை அழைக்க மாட்டார்கள் என்பது நம் ஊர்ப் பெண் எவளுக்கும் தெரியும். இன்னொன்றும் இருந்தது. முதல் வரிசையில் மூன்றாவது நெற்றி என்னுடையது. அப்போது என் கணவர் இறந்து ஏழு ஆண்டுகள். சர்ச்சுக்குப் போகிற எனக்கு அந்தக் குங்குமத்தில் அர்த்தம் எதுவும் இல்லை என்பதால் மரியாதைக்கு வாங்கிக்கொண்டேன், மறந்தும்போனேன். மறப்பதற்கு எனக்கு வசதி இருந்தது.

இயக்குநரிடம் போனேன். கோயம்புத்தூர்க்காரர், பெரிய கம்பெனி வேலையை விட்டு வந்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். கேட்டுவிட்டு உடனே வழி சொன்னார்.

"ஏனுங் மேடம், இதுக்கு எதுக்குங்க இவ்வளவு ரோசனை? அந்தத் தேர்வு செல்லாதுன்னு ஒரு லெட்டர் போட்டுடலாமுங்க. அந்தம்மா பேரை நாமளே எழுதிக்கலாம். நாயம் நம்ம பக்கந்தானுங்களே."

"நாயம் நம்ம பக்கம் இருக்கு சார். ஆனா வால்வு அந்த ஊர்லல்லா இருக்கு. நம்ம எழுதிப் போட்டா அவ புனேக்காரங்க ஆளு ஆயிருவா. ஒரு நா தண்ணி லேட்டா வந்தா போதும், சாவியப் புடுங்கிருவாங்க."

அவர் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "சரிங்க. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிங்க. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

குங்குமம் வைத்தவர், வைக்காதவர் எல்லோரும் தவறாமல் வரும் இடம் அந்த ஊரில் ஒன்றுதான்: காலை ஏழு மணிக்குத் தெருக்குழாய். வைஷாலி காகூவுக்கு போன் செய்து, மேடம் நாளைக்குக் குழாயடிக்கு வருகிறார், மூன்று வாடிக்காரர்களும் அங்கேயே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னாள்.

வியாழக்கிழமை ஆறரை மணிக்கே தொட்டியை அடைந்தோம். ரக்மாபாய் சாவியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஊரில் எல்லோரும் அவளை மாவ்ஷி, அதாவது பெரியம்மா, என்பார்கள். வைஷாலியும் அப்படியே கூப்பிட்டாள்.

"மாவ்ஷி, செவ்வாய்க்கிழமை உங்களை வரவேண்டாம்னு யாராவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலை. சொல்லவா வேணும்? மழை பெஞ்சா நனையும்னு யாராச்சும் வீடு வீடாப் போய்ச் சொல்லுவாங்களா?" சிரித்தாள். "கைதட்டல் இங்க வரைக்கும் கேட்டுது. யாருக்குடா கல்யாணம்னு நினைச்சேன்."

பிறகு சிரிப்பு நின்றது. "புதுப் பம்பு வந்தா இந்தச் சாவி யார் கைக்குப் போகும்னு தெரியும் மேடம். பதிமூணு வருஷமா என் கையில இருக்கு. இது போச்சுன்னா நான் அண்ணன் வீட்டுல பாத்திரம் தேய்க்கணும்."

"அதுக்குத்தான் வந்திருக்கேன். இன்னிக்குத் திரும்பவும் கூட்டம். நீங்க கீழ வரணும்."

"நீங்க கூப்பிட்டா அது புனே கூப்பிட்டது. ஊர் கூப்பிடட்டும், வரேன்."

கீழே குழாயடியில் குடங்கள் வரிசை கட்டத் தொடங்கியிருந்தன. தண்ணீர் விழ ஆரம்பித்தால் யார் பேச்சு யாருக்குக் கேட்கும் என்று எனக்குப் பதற்றம். "ஒரு பத்து நிமிஷம் திறக்காம இருங்களேன்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை இப்போதும் சொல்ல முடியும். கோபம் இல்லை, இவ்வளவு படித்தவளுக்கு இது தெரியவில்லையே என்ற வியப்பு.

"தண்ணிய நிறுத்தி வெச்சுட்டு ஓட்டு கேட்டா, நாளையிலருந்து ஒவ்வொருத்தியும் என்னைத் திட்டிக்கிட்டே குழாயத் திருகுவா. ஏழு மணின்னா ஏழு மணி."

சரியாக ஏழுக்குச் சாவியைச் செருகினாள். மூன்று நாளில் நான் செய்யவிருந்த இரண்டாவது தவறு அங்கே தடுக்கப்பட்டது.

குழாயடியில் அறுபது பெண்களுக்கு மேல். சில நெற்றிகள் வெறுமையாக இருந்தன, எண்ணினேன், மேலே நின்ற ரக்மாபாயோடு ஒன்பது. தொட்டி முப்பது அடி மேலே, ரக்மாபாய் தெரியும் தூரத்தில். வைஷாலி குடத்தைத் தட்டி ஓசையெழுப்பினாள். நான் பேசினேன்.

"செவ்வாய்க்கிழமை கூட்டத்தைக் கூப்பிட்டது நான். கூப்பிட்ட விதம் தப்பு. இது குழாயில தண்ணி பிடிக்கிற எல்லாப் பொம்பளைகளும் வரவேண்டிய கூட்டம். நான் குங்குமம் கொடுத்து அழைச்சேன். அதனால ஒன்பது பேர் வர முடியலை. கணக்குப்படி பத்தாவது ஆள் நான். என் வீட்டுக்காரர் இறந்து ஏழு வருஷமாச்சு."

 காகூ தன் வலக்கை விரல்களைப் பார்த்தார்.

"மேடம், நான்தானே உங்களுக்கு வெச்சேன்?"

"ஆமா காகூ, நீங்கதான்."

"நீங்க ஒண்ணும் சொல்லலியே!"

"நீங்க கேக்கலியே."

வரிசையின் கடைசியில் கூன் விழுந்து நின்ற மிக வயதான ஒருத்தி வாயைத் திறந்தாள். "வானம் இடிஞ்சு விழலை. டேங்க்கும் உடையலை. காகூ கையும் நல்லாத்தான் இருக்கு. அடுத்தவ குடத்தை வைடீ!"

சிரிப்பு வெடித்தது. காகூ மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிங்க. நாலு பேர் முன்னாடி சொன்ன வார்த்தை என்னாவறது? என் மருமக பேரைச் சொல்லியாச்சு. இப்ப இல்லேன்னா, அவ என்னமோ தப்பு பண்ணிட்டான்னுதானே ஊர் பேசும்?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். தவறைத் திருத்திவிட்டோம் என்று நாம் நினைப்போம்; அதன் பழி எந்தத் தலையில் போய் உட்காருகிறது என்று பார்க்க மாட்டோம். யாராவது சுமந்தாக வேண்டும். நாம் சுமக்காவிட்டால், வாயைத் திறக்காத ஒரு மருமகள் சுமப்பாள். வரும் வழியிலேயே ஜீப்பில் வைத்து மையத்தின் பதிவேட்டில் எழுதியிருந்தேன். வைஷாலி அதை உரக்க வாசித்தாள்: செவ்வாய்க்கிழமைக் கூட்டம் செல்லாது, அழைத்த முறை தவறு, பொறுப்பு நிர்வாகி, கையெழுத்து.

"உங்க வார்த்தை மாறலை காகூ. என் கூட்டம்தான் செல்லலை. இன்னிக்குத்தான் முதல் கூட்டம். ஷீத்தல் பேரும் சொல்லலாம், யார் பேரும் சொல்லலாம்."

காகூ பதிவேட்டை வாங்கிக் கையெழுத்தைப் பார்த்தார். அப்போது பின்னாலிருந்து, "ஆயி, நான் ஒண்ணு சொல்லவா?" என்றாள் ஷீத்தல். மாமியாரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். "எனக்குப் பன்னிரண்டாவது வரைக்கும் தெரியும். மேல்வாடிக்கு எத்தனை சுத்துன்னு தெரியாது."

"பதினொண்ணு!" என்று கூட்டத்திலிருந்து ஏழெட்டுக் குரல்கள்.

"கீழ்வாடிக்கு?"

"நாலு!"

"இது உங்களுக்கெல்லாம் எப்படித் தெரியும்? மாவ்ஷி தினம் கத்தி எண்ணுறதாலதானே?"

மேல்வாடிப் பெண் ஒருத்தி எழுப்பிய சந்தேகமும் சரியானதே. "ரக்மா நாலாவதுதான் படிச்சிருக்கா. புதுப் பம்புக்குத் தினம் எழுதணுமாமே?"

வைஷாலி மறைக்கவில்லை. ஆம், தினமும் பதிவு எழுத வேண்டும், பயிற்சியிலும் எழுத்துத் தேர்வு உண்டு, ஆனால் அதை வாய்மொழியாகவும் கொடுக்கலாம் என்றாள்.

"புஸ்தகத்தை நான் எழுதுறேன்" என்றாள் ஷீத்தல். "சாவி மாவ்ஷி கையில இருக்கட்டும்."

காகூ மருமகளை மேலும் கீழும் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை இந்த வாய் எங்கடீ போச்சு?"

"அதுல எள்ளுருண்டை இருந்துச்சு ஆயி."

இம்முறை காகூவும் சிரித்தார். பிறகு நான் செய்ய முடியாத ஒன்றை அவர் செய்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சரிவைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார்.

"ஏ ரக்மா! புனேக்குப் போறியா? கீழ வா, ஊரு கூப்பிடுது!"

மேலேயிருந்து பதில் வந்தது. "இரு காகூ! கீழ்வாடிக்கு இன்னும் ரெண்டு சுத்து பாக்கி!"

சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றேன். எல்லோர் இடுப்பிலும் குடம், கையில் வாளி. தூக்க முடிந்தவர்கள் வாளியைத் தூக்கினார்கள். வைஷாலி அந்தக் கணத்தில் படம் எடுத்தாள்.

மோசமான படம். வெயில் எதிரே அடித்தது. முகங்களில் பாதி வாளிக்குப் பின்னால். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஏற்றினோம். நாலேகாலுக்கு மும்பையிலிருந்து ஓர் இளைஞன் கூப்பிட்டான். இனிமையான குரல்.

"மேடம், போட்டோ கிளியரா இல்லை, சிஸ்டம் ஏத்துக்கலை. செவ்வாய்க்கிழமை வாட்ஸ்அப்புல அனுப்பினீங்களே, அது சூப்பரா இருக்கு. அதையே போட்டுட்டு பேரை மட்டும் மாத்திடுங்க."

இயக்குநர் பக்கத்தில் நின்றிருந்தார். "போட்டுடலாமுங்களா?" என்றவர், நான் திரும்புவதற்குள் தானே தலையாட்டினார். "வேண்டாமுங்க. அதுல அந்தம்மா இல்லீங்களே."

எனக்குத் தெரிந்த பழைய வேலையைச் செய்தேன். வைஷாலி தொலைபேசியில் ஷீத்தலைப் பிடித்தாள். ஷீத்தல் வரிசையை ஒப்பித்தாள். நான் இடமிருந்து வலமாக எழுதினேன். பச்சை வாளிக்குப் பின்னால் இருப்பவர் இவர், பித்தளைக் குடத்தோடு குனிந்திருப்பவர் அவர். அறுபத்து நான்கு பெயர்கள். கடைசி வரி: வலது ஓரம், மேலே, தொட்டியருகே ரக்மாபாய், சாவியைப் பிடித்த கை மட்டும் தெரிகிறது. அதே படத்தோடு நாலு ஐம்பதுக்குப் போயிற்று. ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது, ஏற்கப்பட்டது என்று செய்தி வந்தது. இயக்குநர் எல்லோருக்கும் வடா பாவ் வரவழைத்தார்.

ஒரே காலையில் ஊர் மாறிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். அடுத்த சங்கராந்திக்கும் அங்கே வீடு வீடாக ஹல்தி-குங்கு நடந்தது. ரக்மாபாயை அழைத்தார்களா என்று வைஷாலியிடம் விசாரித்தேன். ஒரே ஒரு வீட்டில் மட்டும் அழைத்தார்களாம், எள்ளுருண்டைக்கு. எந்த வீடு என்று நான் சொல்லத் தேவையில்லை.

பயிற்சி தொடங்கிய முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு அவள் வகுப்பில் இல்லை. விடுதி அறையிலும் இல்லை. ஊருக்கே திரும்பிவிட்டாளோ என்று நினைத்தேன். தேடிப்போனால், விடுதியின் பின்பக்கம் பம்ப் அறை வாசலில் நின்று, இருபது வருடமாக அந்த வேலையைப் பார்க்கும் ஆளை பாவூ, அதாவது அண்ணா, என்று அழைத்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"மெதுவாத் திறங்க பாவூ. குழாய்க்குள்ள இருக்கிற காத்து முதல்ல வெளிய போகட்டும். இப்படி விசுக்குனு திறந்தா எந்தக் குழாய்தான் தாங்கும்?"

அவர் என்னைப் பார்த்ததும் புகார் சொல்லும் குரலில் கேட்டார். "யாரு மேடம் இந்தம்மா?"

"இந்த வருஷத்து ஸ்டூடண்ட்" என்றேன்.

அவர் அவளை ஒருமுறை பார்த்தார், வால்வை ஒருமுறை பார்த்தார். பிறகு நகர்ந்து இடம் கொடுத்தார்.